எல்டன் ரிங் மலேனியா: ஒரு கேம் பாத்திரத்தின் குறியீடுகளைப் படிக்க முழுமையான வழிகாட்டி

எல்டன் ரிங் கேம் விளையாடியவர்களிடம் அதன் கடினமான எதிரி மலேனியா என்று சொன்னாலே போதும், அவளிடம் எத்தனை முறை செத்தோம் என்ற பேச்சு தொடங்கிவிடும். அவள் ஏன் பூவாக விரிகிறாள், அந்தச் சிவப்பு என்ன, வலது கை எங்கே போனது என்று கேட்டால் அதே பேச்சு நின்றுவிடும். இல்லையென்றால் யூடியூபில் யாரோ சொன்ன முடிவு அப்படியே வந்து விழும். அந்த முடிவு சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்த முடிவுக்குப் போன வழி நம்முடையதாக இருந்தால்தான் பாத்திரம் நம்மோடு தங்கும்.

இந்த வழிகாட்டி அந்த வழியைப் பற்றியது. வேலூர், குடியாத்தம், ஆரணி, செய்யாறு பக்கம் வளர்ந்தவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். பழைய வட ஆற்காட்டில் கூத்தும் அம்மன் திருவிழாவும் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இந்த வேலை பாதி தெரிந்த வேலை. மீதிப் பாதிக்குக் கொஞ்சம் ஒழுங்கு வேண்டும்.

கதையின் முக்கியத் திருப்பங்கள் எல்லாம் இங்கே வெளிப்படையாக வரும். இன்னும் விளையாடி முடிக்காதவர்கள் முடித்துவிட்டு வாருங்கள்.

தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியது கொஞ்சம்தான். ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் 2022 பிப்ரவரி 25 அன்று இந்த கேமை வெளியிட்டது. இயக்குநர் ஹிடேடாகா மியாசாகி. உலகத்தின் தொன்மக்கதையை எழுதித் தந்தவர் ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின். கதை நேராகச் சொல்லப்படுவதில்லை. பொருள்களின் விவரணையில் ஒரு துண்டு, ஒரு சிலையில் ஒரு துண்டு, யாரோ ஒருவரின் பேச்சில் ஒரு துண்டு என்று சிதறிக் கிடக்கும். தமிழில் கேம் இல்லை. அதனால் ஒரு நோட்டுப்புத்தகம் எடுத்து, கிடைக்கும் துண்டுகளைத் தமிழில் எழுதிக்கொண்டே போங்கள். நம் மொழியில் ஒரு வாக்கியத்தை எழுதிப் பார்க்கும்போதுதான் அது நமக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியும்.

முதல் படி: ஒரே ஒரு கேள்வி

'மலேனியா யார்' என்பது மிகப் பெரிய கேள்வி. அதை வைத்துக்கொண்டு தேடினால் எல்லாமே சான்றாகத் தெரியும், எதுவும் முடிவுக்கு வராது. சின்னதாக, குத்தலாக ஒரு கேள்வியை எடுங்கள். நான் எடுத்துக்கொள்வது இது: மலேனியா எதை எதிர்த்து நிற்கிறாள்? இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கேள்வியோடுதான் போகப் போகிறேன்.

இரண்டாம் படி: நுழைவைப் பாருங்கள்

ஒரு பாத்திரத்தைப் படைத்தவர்கள் அதை முதன்முதலாக நம் கண்ணில் காட்டும் விதத்துக்கு நிறைய யோசித்திருப்பார்கள். செய்யாறு பக்கத்துப் புரிசை மாதிரி ஊர்களில் விடிய விடியத் தெருக்கூத்து பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கட்டை வேஷக்காரர் வரும்போது இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். திரைக்குப் பின்னாலிருந்து பாட்டு வரும், கிரீடத்தின் உச்சி மட்டும் அசையும். திரை விலகி வெளியே வந்ததும் தான் யார், எந்த வம்சம், என்ன பெருமை என்று அவரே சொல்வார். முகப்பூச்சு, புஜக்கீர்த்தி, கிரீடத்தின் அளவு இவற்றைப் பார்த்து வந்திருப்பது ராஜாவா, எப்படிப்பட்ட ராஜா என்று சனம் முன்னாடியே கண்டுபிடித்திருக்கும்.

மலேனியாவின் நுழைவையும் அதே கண்ணால் பாருங்கள். சத்தத்தைக் குறைத்து ஒரு முறை, கண்ணை மூடிக்கொண்டு பேச்சை மட்டும் கேட்டு ஒரு முறை. பார்த்தால் தெரிவது: மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறாள். வலது கை உடம்பில் இல்லை. உலோகக் கை தனியாக இருக்கிறது, அதை எடுத்து மாட்டிக்கொள்கிறாள். தலைக்கவசத்தில் இறக்கைகள், அது கண்களை மூடியிருக்கிறது. கேட்டால் தெரிவது: நீண்ட காலம் கனவில் இருந்தேன் என்கிறாள். தன் சதை மங்கிய பொன் என்றும் தன் ரத்தம் அழுகியது என்றும் சொல்கிறாள். பிணங்களைப் பற்றிச் சொல்கிறாள். ஒருவனின் வருகைக்காகக் காத்திருந்ததைச் சொல்கிறாள். கடைசியில்தான் பெயர்: மலேனியா, மிக்கெல்லாவின் வாள். தோல்வியே அறியாதவள்.

இதில் கவனிக்க வேண்டியது அந்தப் பட்டம். கூத்தில் ராஜா தன் நாட்டையும் தகப்பனையும் சொல்லித் தன்னை அறிமுகம் செய்வார். இவள் மாரிகா ராணியின் மகள், சாதாரணப் பிறப்பு கிடையாது. ஆனாலும் அம்மா பெயரைச் சொல்லவில்லை, அப்பா பெயரையும் சொல்லவில்லை. இரட்டைச் சகோதரனின் ஆயுதம் என்று சொல்லிக்கொள்கிறாள். ஒரு தெய்வத்தின் மகள் தன்னை ஒரு பொருளாக, ஒரு வாளாகச் சொல்லிக்கொள்வதை நோட்டில் முதல் வரியாக எழுதி வையுங்கள்.

மூன்றாம் படி: சண்டையின் விதிகளும் கதைதான்

லோர் (கேமின் பின்கதை) பேசுபவர்கள் பலர் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு இதுதான் மிகவும் பிடித்த படி.

மலேனியா நம்மை அடித்தால் அவளுக்கு உயிர் ஏறும். கேடயத்தால் தடுத்தாலும் ஏறும். இது விளையாட்டைக் கடினமாக்க வைத்த தந்திரம் மட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் அவளைத் தோற்கடித்ததும் கிடைக்கும் கிரேட் ரூன் என்ற சக்திப் பொருளைப் பூட்டிப் பாருங்கள். நமக்கும் அதே குணம் வருகிறது. அடி வாங்கியவுடன் திருப்பி அடித்தால் இழந்த உயிர் கொஞ்சம் திரும்பும், ஆனால் மருந்துக் குடுவையின் பலன் குறைந்துவிடும். அதாவது இந்த உடம்புக்கு மருந்து வேலை செய்யாது, போராடிக்கொண்டே இருந்தால்தான் பிழைப்பு. ஒரு வார்த்தை பேசாமல் அவளுடைய மொத்த வாழ்க்கையையும் ஒரு விதிக்குள் வைத்துவிட்டார்கள்.

சண்டையின் இரண்டாம் பகுதியில் பெயரே மாறுகிறது. திரையின் கீழே 'மிக்கெல்லாவின் வாள்' என்று இருந்த இடத்தில் 'அழுகலின் தேவி' என்று வருகிறது. கவசம் இல்லை, தலைக்கவசம் இல்லை, முதுகில் பட்டாம்பூச்சிகளால் ஆன இறக்கைகள். மேலெழுந்து வந்து விழுந்து பெரிய சிவப்புப் பூவாக விரிகிறாள். ஆனால் அந்த உலோகக் கையும் வாளும் அப்படியே இருக்கின்றன. தெய்வமான பிறகும் அவளிடம் மிச்சமிருப்பது, மனுஷியாக இருந்தபோது போராட மாட்டிக்கொண்ட கை.

உங்கள் பாத்திரம் எதுவானாலும் இதைச் செய்யுங்கள்: அதன் தாக்குதல்களைக் காகிதத்தில் எழுதி, ஒவ்வொன்றும் கதையில் எதைச் சொல்கிறது என்று பக்கத்தில் குறியுங்கள். சிலவற்றுக்கு எதுவும் வராது. வரவில்லை என்றால் காலியாக விடுங்கள், வலிந்து நிரப்பாதீர்கள்.

நான்காம் படி: பொருள்களின் விவரணைகள்

இதுதான் உழைப்பு கேட்கும் படி. நோட்டில் நான்கு பத்தி போடுங்கள். பொருளின் பெயர், விவரணையில் உள்ள செய்தி, அது கிடைத்த இடம், அதிலிருந்து நான் நினைப்பது. கடைசிப் பத்தியைப் பென்சிலில் எழுதுங்கள். மற்ற மூன்றும் கேம் சொன்னது, கடைசி மட்டும் நீங்கள் சொல்வது. இந்த இரண்டையும் கலந்துவிடுவதுதான் லோர் வீடியோக்களில் நான் அடிக்கடி காணும் குறை. பேசுபவர் தன் ஊகத்தையும் கேமின் வாசகத்தையும் ஒரே குரலில் சொல்வார், கேட்பவருக்கு எது எது என்றே தெரியாது.

மலேனியாவுக்கு நான் முதலில் எடுக்கும் பொருள்கள் இவை. ரவுண்ட்டேபிள் என்ற கூடத்தில் இருக்கும் எனியா என்ற கிழவியிடம் கொடுக்கும் அழுகல் தேவியின் ரிமெம்பரன்ஸ் (தோற்கடித்த எதிரியின் நினைவுப் பொருள்), இரட்டையர் இருவரும் ஒரே தெய்வத்தின் பிள்ளைகள், பிறவியிலேயே பாதிக்கப்பட்டவர்கள் என்கிறது. ஒருவனுக்கு என்றும் குழந்தையாகவே இருக்கும் சாபம், இன்னொருத்திக்கு உடம்புக்குள்ளேயே அழுகல். 'ஒரே தெய்வம்' என்ற அந்தச் செய்தி, இரட்டையரின் அப்பா ராடகனும் அம்மா மாரிகாவும் ஒருவரே என்ற பெரிய ரகசியத்தோடு போய்ச் சேர்கிறது. ஆக அவளுடைய நோய் யாரிடமிருந்தும் தொற்றவில்லை. அவளோடு பிறந்தது.

அடுத்து நீல நடனக்காரி டாலிஸ்மன் (அணியும் தாயத்து). ரொம்பப் பழைய துணிப் பொம்மை அது. நீல உடையில் இருப்பவள் ஒரு தேவதை என்றும், அவள் ஒரு குருட்டு வாள்வீரனுக்கு ஓடும் நீர் போன்ற வாள்வித்தையைத் தந்தாள் என்றும், அவன் அந்த வாளால் அழுகலே வடிவான ஒரு பழங்கடவுளைச் சிறை வைத்தான் என்றும் சொல்கிறது. இன்னொரு டாலிஸ்மன் செயற்கைக் கை அணிந்தவளைப் பற்றியது. அழுகலில் பிறந்த ஒரு சிறுமி, தன் குருவையும் ஓடும் வாளையும் சந்தித்தபோது நிகரில்லாத வலிமையுள்ள இறக்கைகள் பெற்றாள் என்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து எழுதினால் கோடு தானாகத் தெரியும். தேங்கினால் அழுகும், ஓடினால் அழுகாது. அவள் கற்ற வாள்வித்தை வெறும் போர்க்கலையாக இருக்கவில்லை, அதுவே அவளுக்கு மருந்தாகவும் இருந்தது. நீர்ப்பறவை நடனம் என்ற அவளுடைய தாக்குதலில் செத்துச் செத்துப் பிழைத்தவர்கள் ஒரு நிமிடம் கோபத்தை ஒதுக்கி, அது எவ்வளவு தண்ணீர் மாதிரி ஓடுகிறது என்று பாருங்கள்.

இறக்கை இரண்டு விதமாக வருவதையும் இங்கே பிடிக்கலாம். அவளுடைய வாளின் விவரணை, அதை உயர்த்திப் பிடிக்கும்போது சிலர் இறக்கைகளைக் கண்டதாகச் சொல்கிறது. அவை தோல்வியறியாத உறுதியின் இறக்கைகள். ஏயோனியப் பட்டாம்பூச்சியின் விவரணையோ, அந்தப் பூச்சிகள் ஒரு காலத்தில் அழுகல் தேவியின் இறக்கைகளாக இருந்தன என்கிறது. ஒரு ஜோடி அவள் சம்பாதித்தது, இன்னொரு ஜோடி அவள்மேல் முளைத்தது. தலைக்கவசத்தில் இருக்கும் இறக்கை முதல் வகை, முதுகில் விரிவது இரண்டாம் வகை. ஒரே சின்னம் எதிரெதிர் அர்த்தத்தில் வரும் இடம் கிடைத்துவிட்டால், பாத்திரத்தின் மையத்துக்கு வந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

மிக்கெல்லாவுக்கு அவன் அப்பா ராடகன் பதிலுக்குத் தந்த ஒளி வளைய மந்திரத்தையும் விடாதீர்கள். பொன் நெறி என்ற மதத்தின் தத்துவம் மலேனியாவின் அழுகலுக்கு எதுவும் செய்ய முடியாததால் மிக்கெல்லா அதைக் கைவிட்டான், கலப்பில்லாத பொன் அங்கேதான் தொடங்கியது என்று அது சொல்கிறது. அந்தப் பொன்னால் செய்த ஊசிதான் வெளிக் கடவுள்களின் குறுக்கீட்டைத் தடுக்கிறது. தங்கைக்கு மருந்து தேடிய பையன் ஒருவன் ஒரு மதத்தையே விட்டு வெளியேறியிருக்கிறான். இந்த மாதிரி ஒரு செய்தியைச் சண்டை மந்திரத்தின் விவரணைக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்பதே எனக்கு ஆச்சரியம்.

கடைசியாகப் பூ. ஸ்கார்லெட் ஏயோனியா மந்திரத்தின் விவரணையில் ஒரு கணக்கு இருக்கிறது. பூ விரியும் ஒவ்வொரு முறையும் அவளுடைய அழுகல் முற்றுகிறது. இதுவரை இரண்டு முறை விரிந்துவிட்டது. மூன்றாவது விரிந்தால் உண்மையான தேவியாகிவிடுவாள். மந்திரம் அவளைத் தோற்கடித்த பிறகுதான் கிடைக்கும் என்பதால், ஒன்று ராடான் என்ற தளபதியோடு நடந்த போரில், இரண்டாவது நம்மோடு நடந்த சண்டையில் என்று எண்ணலாம். அப்படியானால் சண்டையில் 'தேவி' என்று பெயர் வந்த பிறகும் அவள் முழுத் தேவி ஆகவில்லை. இந்தக் கணக்கில் கருத்து வேறுபாடு உண்டு, பென்சிலில் எழுத வேண்டிய செய்திதான்.

ஐந்தாம் படி: இடம்

ஒரு பாத்திரம் எங்கே இருக்கிறது, அங்கே போக என்ன பாடுபட வேண்டும் என்பதும் செய்தி. மலேனியாவைப் பார்க்காமலே கேமை முடித்துவிடலாம். பார்க்க வேண்டுமென்றால் ரகசியப் பதக்கத்தின் இரண்டு பாதிகளைத் தேடிச் சேர்த்து, பனிவெளியைக் கடந்து, ஹேலிக்ட்ரீயின் கிளைகளில் இறங்கி, எல்ஃபேல் கோட்டையின் அடிவரை போக வேண்டும். மிக்கெல்லா தன் ரத்தத்தையே ஊற்றி வளர்த்த மரம் அது. எர்ட்ட்ரீ என்ற பெரிய பொன் மரம் போல ஆகாமல் தோற்றுப்போன மரம். அதன் வேரடியில் அவள் காத்திருக்கிறாள். அண்ணன் அங்கே இல்லை. அவனை மோக் என்பவன் தூக்கிப்போய்விட்டது நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.

வரைபடத்தின் இன்னொரு பக்கம் கேலிட். அவள் ஒரே ஒரு முறை விரிந்ததில் சிவந்து போன நிலம். வரைபடத்தில் ஹேலிக்ட்ரீக்கும் கேலிட்டுக்கும் இடையே ஒரு கோடு போடுங்கள். அழுகிய உடம்போடு தூங்கிக் கிடந்த மலேனியாவை ஃபின்லே என்ற வீரர் தன்னந்தனியாக, வழியெல்லாம் சண்டையிட்டபடி சுமந்து வந்த தூரம் அது. ஃபின்லேயின் சாம்பல் விவரணை அதை வீரத்தின் உச்சம் என்கிறது. அவளுடைய கிளீன்ராட் வீரர்கள் தங்கள் உடம்பும் மெல்ல அழுகும் என்று தெரிந்தே அவள் பக்கம் நின்றவர்கள். இப்படிப்பட்ட விசுவாசத்தைப் பெற்றவள் எப்படிப்பட்டவளாக இருந்திருப்பாள் என்று யோசியுங்கள். அவளைக் கொடூரி என்று மட்டும் எழுதுபவர்கள் ஃபின்லேயைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

ஆறாம் படி: சொல்வது யார்?

பொருளின் விவரணையும் பாத்திரத்தின் பேச்சும் ஒரே தராசில் வைக்கக் கூடியவை இல்லை. பேசுபவருக்கு ஒரு நோக்கம் இருக்கும்.

கேலிட்டில் செல்லியா அருகே ஒரு குடிசையில் கௌரி என்ற கிழவர் இருக்கிறார். தன்னை ஞானி என்பார். மிலிசென்ட் என்ற பெண்ணைக் காப்பாற்ற அந்தப் பொன் ஊசியைச் சரிசெய்து தருவார். கேட்க நல்லவராகத் தெரியும். ஆனால் அவருக்கு வேண்டியது மிலிசென்ட் குணமாவது இல்லை. அவள் சிவப்புப் பூவாக விரிவதுதான். பின்னால் அவளுக்கு துரோகம் செய்யச் சொல்லி நம்மிடமே கேட்பார். அதனால் அழுகலை அழகு என்று அவர் சொல்லும் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் 'கௌரி சொன்னது' என்று எழுதுங்கள். பக்தர் சொல்வதை வைத்து பக்தியைத் தெரிந்துகொள்ளலாம். தெய்வத்தின் விருப்பத்தைத் தெரிந்துகொள்ள முடியாது.

மிலிசென்ட்டின் பேச்சு வேறு தரம். அவள் மலேனியாவின் பூவிலிருந்து வந்தவள், அவளுக்கும் வலது கை இல்லை. மலேனியாவிடம் ஒன்றைத் திருப்பித் தர வேண்டும் என்கிறாள். அழுகலின் அழைப்பை எதிர்த்து நிற்க வைத்த மனஉறுதி, தன்மானம். ராடானுக்கு ஈடுகொடுக்க மலேனியா கைவிட்டது அதைத்தான் என்கிறாள். கடைசியில் தன் சகோதரிகளை வென்ற பிறகு தானே ஊசியைப் பிடுங்கிவிடுகிறாள். தனக்குச் சம்பந்தமில்லாத ஒன்றாக விரிவதைவிட தானாகவே அழிந்துபோவது மேல் என்று முடிவெடுக்கிறாள். அவள் விட்டுச்சென்ற ஊசியை, தோற்கடிக்கப்பட்ட மலேனியாவின் பூவில் வைக்க முடியும். வைத்தால் மிக்கெல்லாவின் ஊசி கிடைக்கும்.

என் முதல் கேள்விக்குப் பதில் இங்கேதான் கிடைத்தது. மலேனியா எதிர்த்து நின்றது ராடானை இல்லை, நம்மையும் இல்லை. தெய்வமாவதை. அவளுக்குள் இருந்த நோய் அவளுக்கு வைத்திருந்த பரிசு தெய்வப் பதவி. அதை வாங்க மாட்டேன் என்பதுதான் அவளுடைய போர். ராடானிடம் தோற்காமல் இருப்பதற்காக ஒரே ஒரு முறை வாங்கினாள். 'தோல்வி அறியாதவள்' என்ற பட்டத்துக்கு அவள் கொடுத்த விலை அது.

ஏழாம் படி: பின்னால் வந்த சான்று

2024 ஜூன் 21 அன்று ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ டிஎல்சி (கேமின் கூடுதல் கதைப் பகுதி) வந்தது. அதையொட்டி, பூ விரியும் முன் மலேனியா ராடானின் காதில் சொல்லும் வார்த்தை வெளியே வந்தது: வாக்களிக்கப்பட்ட துணைவனே, மிக்கெல்லா உனக்காகக் காத்திருக்கிறான். தெய்வமாகப் போகும் மிக்கெல்லாவுக்கு ராடான் துணைவனாக வேண்டும், அதற்காகத்தான் அந்தப் போர் என்ற கோணம் அதுவரை எழுதப்பட்ட பல விளக்கங்களைப் புரட்டிப் போட்டது.

பழைய நோட்டைக் கிழிக்க வேண்டாம். வேறு நிற மையில் பக்கத்தில் எழுதுங்கள். என் வாசிப்பு இதனால் இன்னும் கனத்துப்போனது. தன் தன்மானத்தை அவள் கைவிட்டது தன் வெற்றிக்காக என்று நினைத்த இடத்தில், அண்ணனின் திட்டத்துக்காக என்று வருகிறது. முதல் வரியில் எழுதிய 'வாள்' என்ற சொல்லைத் திரும்பப் பாருங்கள். வாளுக்குச் சொந்தமாக விருப்பம் கிடையாது. சாகும்போதும் அவள் மன்னிப்புக் கேட்பது மிக்கெல்லாவிடம்தான்.

எட்டாம் படி: நம் ஊர் அம்மனைக் கொண்டு வருவது

இதுவரை செய்ததெல்லாம் கேமுக்குள். இனி நாம். இந்தப் படியை முதலில் செய்யக் கூடாது. செய்தால் கேம் சொல்வது காதில் விழாது. ஆனால் செய்யாமலும் இருக்கக் கூடாது.

குடியாத்தத்தில் இருக்கும் என் சித்தி பையன் இந்தச் சண்டையை என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "அண்ணா, இவ நம்ம கெங்கையம்மா மாதிரி இருக்கா" என்றான். நல்ல ஒப்பீடு. அதை எப்படிச் சோதிப்பது என்று பார்ப்போம்.

குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து அம்மனின் சிரசு ஊர்வலமாகப் புறப்பட்டு, கோபாலபுரம் கெங்கையம்மன் கோயிலுக்கு வந்து அங்கே உடலோடு பொருத்தப்படும். கதை ரேணுகாவுடையது. ஜமதக்னி சொல்லி, மகன் பரசுராமன் தாயின் தலையை வெட்டுகிறான். பிறகு உயிர்ப்பிக்கும்போது தலை வேறொரு பெண்ணின் உடலில் சேர்ந்துவிடுகிறது. படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்கும் அதே ரேணுகாவின் கதைதான் ஆதாரம். வெட்டப்பட்ட உடல், ஒட்டவைத்த உடல், அதிலிருந்து தெய்வம்.

பொருந்தும் இடங்கள் பளிச்சென்று தெரியும். கையும் உடலும் தனித்தனியாக இருந்து சேர்வது. ஒரே உடலில் இரண்டு பேர் என்பது: மாரிகா, ராடகன் திருப்பத்தைக் கேட்டு உலகமே அதிர்ந்தபோது எங்கள் பக்கத்துப் பையன்கள் அவ்வளவாக அதிரவில்லை. எல்லாவற்றுக்கும் மேல், நோயும் தெய்வமும் ஒன்றாக இருப்பது. வீட்டில் யாருக்காவது அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை செருகி, அம்மா வந்திருக்கிறாள் என்று குரலைத் தாழ்த்திப் பேசிய பாட்டிகளின் பேரப்பிள்ளைகள் நாம். நோய் உடலில் இறங்கிய தெய்வம் என்ற எண்ணம் நமக்குப் புதிதில்லை.

இப்போது பொருந்தாத இடங்களைத் தேடுங்கள். ஒப்பீட்டின் பலன் அங்கேதான் இருக்கிறது. அம்மன் வழிபாட்டில் சிவப்பு, உஷ்ணம். அதைத் தணிப்பது வேப்பிலை, மஞ்சள் தண்ணீர், கூழ். அப்படியே கேமுக்குப் போட்டால் அழுகல் என்பது சூடு, ஓடும் நீர் என்பது குளிர்ச்சி என்று அழகாக உட்காரும். ஆனால் கேலிட்டில் ராடானின் வீரர்கள் அழுகலைத் தடுப்பது நெருப்பால். நெருப்பு அதன் எதிரி. ஆக இந்த அழுகல் உஷ்ணம் கிடையாது, தேக்கம்தான். நெருப்பும் அசையும், நீரும் அசையும். இரண்டுமே தேக்கத்துக்கு எதிரி. அம்மனை வைத்துப் பார்த்து, அம்மன் பொருந்தாமல் போனதால்தான் இது எனக்குத் தெரிந்தது.

இன்னொரு வேறுபாடு இதைவிடப் பெரிது. நம் அம்மனிடம் ஊர் போகிறது. சிரசு போகும் தெருவெல்லாம் சனம் நிற்கிறது. தெய்வமாக்கிய கையோடு அவளைக் குளிர்விக்கவும், வேண்டவும், சண்டை போடவும் ஊர் கூடவே இருக்கிறது. மலேனியாவுக்கு அப்படி ஊர் கிடையாது. அவளைத் தெய்வமாக்க விரும்புகிறவர்கள் கௌரி போன்றவர்கள், அவர்களுக்கு அவள் வலி முக்கியமே இல்லை. அவள் வலியைப் பார்த்தவன் மிக்கெல்லா ஒருவன், அவன் வரவில்லை. அவள் தெய்வப் பதவியை மறுப்பதன் நியாயம் எனக்கு இந்த இடத்தில் முழுசாகப் புரிகிறது.

வேறு பாத்திரத்துக்கு வேறு ஊர்ச் சரக்கு வேண்டியிருக்கும். வேலூர்க் கோட்டையில் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துக்கு ஒரு மாலை போய் யாளித் தூண்களின் முன் நில்லுங்கள். மேலே யார் ஏறியிருக்கிறார், காலடியில் எது கிடக்கிறது, வாய்க்குள் என்ன இருக்கிறது என்று கீழிருந்து மேலாகப் படித்துப் பழகினால், கேம் சிலைகளை வேகமாகத் தாண்டி ஓடும் பழக்கம் போய்விடும்.

ஒன்பதாம் படி: உண்மையான உடல்களை மறக்காமல்

அழுகும் சதை, இழந்த கை, விலக்கி வைக்கப்பட்ட இடம். வேலூர்க்காரருக்கு இதைப் பார்த்ததும் தொழுநோய் நினைவுக்கு வரும், கரிகிரி மருத்துவமனை நினைவுக்கு வரும். அந்த ஒப்பீட்டை எழுதும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 1946இல் வேலூர் சிஎம்சிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் செயலிழந்த கைகளுக்குத் தசைநாண் மாற்று அறுவைச் சிகிச்சை செய்தவர். விரல்கள் போவது சதை தானாக அழுகுவதால் இல்லை, நரம்பு பாதித்து வலி தெரியாமல் போவதாலும், அதனால் காயம் திரும்பத் திரும்பப் படுவதாலும்தான் என்று காட்டியவர். சதை தானாக அழுகுகிறது என்ற பழைய நம்பிக்கைதான் எத்தனையோ பேரை வீட்டை விட்டுத் துரத்தியது.

அதனால் 'மலேனியா என்றால் தொழுநோய்' என்று எழுதாதீர்கள். கேமின் அழுகல் ஒரு கடவுள், தொழுநோய் மருந்தால் குணமாகும் நோய். ஒப்பிட விரும்பினால் மலேனியாவின் மறுப்போடு ஒப்பிடுங்கள். செயற்கைக் கையோடு தன் வேலையைத் தானே செய்து, உன் நோய்தான் நீ என்று சொல்பவர்களிடம் இல்லை என்று சொல்கிற உறுதி கரிகிரியிலும் நிறையப் பேரிடம் இருந்திருக்கும்.

பத்தாம் படி: எழுதி, உடைக்கக் கொடுங்கள்

இப்போது ஒரு பக்கம் எழுதுங்கள், அதற்கு மேல் வேண்டாம். முதலில் கேள்வி, பிறகு கேம் சொன்னவை, பிறகு உங்கள் வாசிப்பு, கடைசியில் அதற்கு எதிராக நிற்கும் சான்று ஒன்றாவது. எதிர்ச் சான்றே கிடைக்கவில்லை என்றால் தேடவில்லை என்று அர்த்தம். என் வாசிப்புக்கு எதிராக நானே வைப்பது இது: அவள் மறுத்தது உண்மையென்றால் நம்மோடு சண்டையில் ஏன் மறுபடி விரிந்தாள்? மிக்கெல்லாவின் இடத்தைக் காக்க என்று நான் பதில் வைத்திருக்கிறேன், ஆனால் அதை நேராகச் சொல்லும் விவரணை எதுவும் என் நோட்டில் இல்லை. அதனால் பென்சிலில்தான் இருக்கிறது.

கேமுக்கு வெளியே இருந்து அர்த்தம் கொண்டுவருபவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். முக்கியப் பாத்திரங்களின் பெயர்கள் ஜி, ஆர், எம் எழுத்துகளில் தொடங்குவதைப் பார்த்து, மார்ட்டின் தன் பெயர் எழுத்துகளை ஒளித்து வைத்தார் என்று ஒரு பேச்சு பரவியது. அவரே அதை மறுத்துவிட்டார். கண்ணில் பட்ட ஒழுங்கு எல்லாம் யாரோ திட்டமிட்டு வைத்ததாக இருக்க வேண்டியதில்லை.

எழுதியதை இரண்டு பேரிடம் கொடுங்கள். ஒருவர் கேமை நன்றாக விளையாடியவர், சான்று தவறினால் பிடிப்பார். இன்னொருவர் கேமே தெரியாதவர். நான் என் பக்கத்தைச் சித்தியிடம் படித்துக் காட்டியபோது அவர் கேட்ட ஒரே கேள்வி, "அந்தப் பொண்ணுக்கு அம்மா இருந்தாளே, அவ என்னப்பா செஞ்சா?" என்பது. மாரிகா தன் மகளின் நோய்க்கு என்ன செய்தாள் என்று என் நோட்டில் ஒரு வரி கூட இல்லை. அடுத்த சுற்றில் அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

முதல் பாத்திரமாக மலேனியாவை முடித்தவர்கள் அடுத்து ராடானை எடுங்கள். கேலிட், போர், டிஎல்சி எல்லாம் ஏற்கனவே உங்கள் நோட்டில் இருக்கிறது. அதே பக்கங்களை அவன் பக்கமிருந்து திரும்பப் படிக்க வேண்டியதுதான் மிச்சம். அவனுடைய திருவிழாக் களத்தில் இறங்கும் முன், அவன் ஏறியிருக்கும் அந்தச் சின்னக் குதிரையின் கதையை முதல் வரியாக எழுதிக்கொள்ளுங்கள்.